பூச்செடிக்குப் போர்த்திய கம்பளி

அன்று சாயங்காலம் துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, சித்தப்பா, நான். அம்மா இடுப்பில் தம்பி. ஒன்பது மாதக் குழந்தை என்பதால் அவனை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்த்துத்தான் சொல்வேன். ஐந்து பேர்.

அப்புத்தளைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற உயரத்தில் எங்கள் தோட்டம். தை மாதத்தில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்து, காற்றும் நின்றுவிட்டால், விடியும்போது புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல வெள்ளையாக உறைந்து கிடக்கும். அப்பா பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்தார். இளைப்பு நோய்க்காரர், மலை ஏறித் தேயிலை வேலை பார்க்க முடியாது. அந்த வேலை போனால் அவருக்கு வேறு வேலை இல்லை. அந்தக் கவலை எட்டு வயதிலேயே எனக்கு வந்துவிட்டது. அவர் இருமினால் எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

துரைசாணி எங்கிருந்தோ வரவழைத்து நட்ட பதினைந்து பூச்செடிகள் வாசலில் வரிசையாக நின்றன. சிவப்பும் ஊதாவுமாகத் தலைகீழாகத் தொங்கும் பூ. ஆங்கிலப் பெயர் எங்கள் வாயில் நுழையாது, தொங்கட்டான் என்போம். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வரப்போகிறார்கள், ஒரு செடி கருகினாலும் நீ மலைக்குப் போக வேண்டியதுதான் என்று துரை அப்பாவிடம் சொல்லியிருந்தார்.

செடியைச் சுற்றிக் குச்சி நட்டு, இலையில் படாமல் சாக்கைக் கூடாரம் போலப் போர்த்த வேண்டும். அன்று பார்த்துப் பதினான்கு சாக்குத்தான் கிடைத்தது. மிச்சத்தைக் கொழுந்து கட்ட எடுத்துப் போய்விட்டார்கள். போர்த்தாமல் நின்றது படிக்கட்டுப் பக்கத்துச் செடி. வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

அப்பா தம்பியைப் பார்த்தார். அவனைச் சுற்றியிருந்தது எங்கள் வீட்டின் ஒரே கம்பளி.

"இன்னைக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும் குடு புள்ள."

"இவனுக்கு எதப் போத்துறது?" என்றாள் அம்மா.

"ஒன் சேலயப் போத்தி அடுப்புகிட்டப் படுக்க வையி. விடிஞ்சதும் கொண்டாந்துர்றேன்."

குச்சி நட்டுக்கொண்டிருந்த சித்தப்பா நிமிர்ந்தார். "அடுத்த பொறப்புல தொர வீட்டுச் செடியாப் பொறக்கணும்ண்ணே. கம்பளியும் கெடைக்கும், காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடவும் வேணாம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் கம்பளியை உருவிக் கொடுத்தாள்.

விடிந்ததும் அப்பாவோடு நானும் போனேன். உறைந்த பனி மேல் வெயில் பட்டால் இலை வெந்துவிடும், அதற்குள் தண்ணீர் தெளித்துக் கரைத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் முறை. சாக்கின் மேலேயே பூவாளியால் தெளிப்பார். அன்று இளைப்பு வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மலைக்குப் பின்னால் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பதற்றம் தாங்கவில்லை. பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு சாக்காக நனைத்தேன். ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாதே என்று கடைசியில் கம்பளியையும் சொட்டச் சொட்ட நனைத்தேன்.

அப்பா திட்டவில்லை. எழுந்து வந்து கம்பளியை எடுத்துப் பிழிந்தார். பிழியப் பிழியக் கறுப்பாகத் தண்ணீர் வந்தது.

"என்னங்க இது, ஊற வச்சுக் கொண்டாந்திருக்கீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"நாந்தான் தண்ணி ஊத்திட்டேன். ஞாபகமில்லாமப் போச்சு."

நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

பத்து மணிக்கெல்லாம் மேகம் இறங்கித் தூற ஆரம்பித்தது. மூன்று நாள் வெயிலே இல்லை. அம்மா கம்பளியை அடுப்பு அனலில் காட்டிக் காட்டிப் பார்த்தாள். மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம். மறுநாள் அதைத்தான் தம்பிக்குப் போர்த்தினாள். வேறு என்ன செய்வாள்? அதற்கு மறுநாள் சளி கட்டி, மூச்சுக்கு மூச்சு அவன் நெஞ்சு குழி விழுந்தது. தோட்டத்து மருந்துக்காரர் பார்த்துவிட்டுப் பதுளைக்குக் கொண்டுபோகச் சொன்னார். அப்பாவும் அம்மாவும் அவனைத் தூக்கிக்கொண்டு கொழுந்து லொறியில் ஏறினார்கள். பண்டாரவளை தாண்டுவதற்குள் தம்பி போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வந்தார்கள். பதினைந்து செடியும் பூத்து நின்றன. அப்பாவின் வேலை தப்பியது. அதற்குப் பிறகு சித்தப்பா செடியைப் பற்றி வேடிக்கை பேசி நான் கேட்டதில்லை.

தம்பியை அந்தக் கம்பளியில் சுற்றித்தான் புதைத்தார்கள். மண்ணுக்குள் குளிருமே என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். அது நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று யாரையாவது கேட்க வேண்டும் போலிருந்தது. இன்றைக்கும் என் பிள்ளைகளின் போர்வையைக் கன்னத்தில் வைத்துப் பார்க்காமல் அவர்களைப் படுக்க விடமாட்டேன்.

சம்பள நாளில் அப்பாவோடு வரிசையில் நின்றேன். தோட்டத்தில் கம்பளியைக் கடனுக்குக் கொடுத்து மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். கிளாக்கர் ஐயா பேரேட்டைப் பார்த்து, "கம்பளிக்கு ஆறு ரூவா புடிச்சிருக்கு" என்றார்.

அவர் தப்பாகப் பிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்பாவின் சட்டையை இழுத்து, "கம்பளிதான் நம்மகிட்ட இல்லையேப்பா, சொல்லுங்க" என்றேன்.

அப்பா என் தலையில் கையை வைத்து முன்னால் தள்ளினார். மற்றக் கையால் மிச்சப் பணத்தை வாங்கிக்கொண்டார். ஏன் அவர் சொல்லவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

கம்பளிக்கு இன்னும் பதினெட்டு ரூபாய் பாக்கி இருந்தது.