கோமதியின் பங்கு நாற்பது அடி

உடை மாற்றிக்கொண்டு மருத்துவமனைக்குத் திரும்பக் காரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் போனில் கூப்பிட்டார். அவர் சொல்லி முடித்ததும், “ஓகே, தேங்க் யூ” என்றேன். ஆபீஸ் மீட்டிங் முடிந்ததும் சொல்வேனே, அதே குரல்தான். பிறகு நம் தெருக் குழுவுக்கு ஒரு வரி அனுப்பினேன்: ‘கோமதி இன்று காலை இறந்துவிட்டாள்.’ அனுப்புமுன் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை சரியாக வரவில்லை.

இரங்கல் கூட்டத்தில் என் மனைவியைப் பற்றி நீங்கள் நல்லவிதமாகப் பேசினீர்கள். உங்களில் ஒருவர், “எங்க எல்லாரையும் வாய்க்கால் சுத்தம் பண்ண வெச்சவங்க. பாவம், உடம்பு முடியாம அவங்க பங்கை மட்டும் விட்டுட்டாங்க” என்றார். அன்போடுதான் சொன்னார். எல்லோரும் தலையசைத்தீர்கள். முன்வரிசையில் இருந்த நானும் தலையசைத்தேன். அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

கோமதி கோபிச்செட்டிபாளையத்துப் பெண். ஹூஸ்டனில் மழைநீர் வடிகால்களுக்கு வரைபடம் போடும் வேலைக்கு வருவதற்கு முன் நெதர்லாந்தில் படித்தாள். அந்தப் படிப்புக்காக வடக்குக் கடலோரத்தில் ஒரு சின்ன விவசாயக் கிராமத்தை அடி அடியாக அளந்தாள். அதன் பெயரைச் சொல்லும்போது அவள் தொண்டையில் டச்சு உச்சரிப்பின் கரகரப்பு வரும். எனக்கு அது கடைசிவரை வரவில்லை. அதனால் எங்கள் வீட்டில் அது வெறுமனே ‘அந்த ஊர்’.

கல்யாணமான புதிதில் ஒரு காலை, தட்டின் நடுவில் உப்புமாவைக் குவித்து அந்த ஊரைக் காட்டினாள். “இது மேடு. உச்சியில சர்ச். மேட்டைச் சுத்தி வட்டமா ஒரு தெரு. மீதித் தட்டு பூரா புல்லு, மாடு, வாய்க்கால். மேடு தானா வந்ததில்ல, தெரியுமா? கரை கட்டறதுக்கு முன்னாடி கடல் நெனச்சப்ப உள்ள வரும். சாணி, களிமண், குப்பைன்னு தலைமுறை தலைமுறையாக் கொட்டி அது மேல வீடு கட்டிக்கிட்டாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் கரை கட்டினாங்க, தைரியம் வந்துச்சு. மேட்டு மண்ணு நல்ல உரம்னு வெட்டிப் படகுல ஏத்தி வித்துட்டாங்க.” கரண்டியால் ஒரு பக்கத்தைச் செங்குத்தாக வெட்டி வாயில் போட்டுக்கொண்டாள். “சர்ச் சுவர் வரைக்கும் வெட்டிட்டாங்க. பயம் போச்சுன்னா மனுஷன் மொதல்ல காலடி மண்ணைத்தான் விப்பான், பிரபு.”

அந்த ஊரிலிருந்து அவள் நம் தெருவுக்குக் கொண்டுவந்தது ஒரு வழக்கம். அங்கே ஒவ்வொரு பண்ணைக்கும் வாய்க்காலில் ஒரு பங்கு உண்டு. மழைக்காலம் தொடங்குமுன் அவரவர் பங்கைத் தூர் வார வேண்டும். பிறகு ஆட்கள் நீளக் கோலோடு கரையில் நடந்து வந்து பார்ப்பார்கள். தன் பங்கு சரி என்று தானே சொல்லிக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. நம் ஏழு வீடுகளின் பின்வேலியை ஒட்டி ஓடும் வடிகாலை அவள் அப்படித்தான் பிரித்தாள். எங்கள் பங்கு நாற்பது அடி.

“இது அசோசியேஷன் வேலையெல்லோ, பிள்ளை?” என்று பக்கத்து வீட்டு அருளப்பு அங்கிள் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்.

“அசோசியேஷன் மெயில் அனுப்பும் அங்கிள். தண்ணி மெயில் படிக்காது.”

அவர் சிரித்துவிட்டு அந்த வாரமே கடைக்குப் போய் ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்தார். மற்றவர்கள் பங்கைக் கோமதி பார்ப்பாள். அவள் பங்கை அங்கிள் பார்ப்பார். முதல் வருடம் அவர் கோலால் குத்திக் குத்திப் பார்த்து, “இந்த மூலையில சேறு கிடக்கு. பெயில்!” என்று அவளைத் திரும்ப இறங்க வைத்தார். இறங்கினாள்.

போன வருடம் அவளுக்கு எப்போதும் களைப்பு. ஏன் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. “எனக்கு முடியல. நம்ம பங்கை இந்தத் தடவை நீ பண்ணிடு” என்றாள். சரி என்றேன். ஏழு பங்கும் இருந்த பட்டியலை நான்தான் கம்ப்யூட்டரில் போட்டிருந்தேன்: முடிந்தது பச்சை, முடியாதது சிவப்பு. ஆபீஸில் மாலைக்குள் முடித்துவிடலாம் என்று நம்பும் வேலையைக் காலையிலேயே பச்சையாக்கிவிடுவது என் பழக்கம். எங்கள் துறையில் பலரும் செய்வதுதான். எங்கள் நாற்பது அடியையும் அப்படியே பச்சையாக்கினேன். அந்த வார இறுதியில் ஆபீஸில் ஒரு சிஸ்டம் செயலிழந்து, இரண்டு நாளும் அதிலேயே போயின. வடிகாலில் நான் கால் வைக்கவே இல்லை.

அங்கிள் பட்டியலைப் பார்த்தார். “கோமதி பச்சை எண்டு போட்டிட்டா. அந்தப் பிள்ளையின்ர பங்கைக் கோல் கொண்டோ பாக்கிறது?” என்று தன் மனைவி திரேசா ஆன்ட்டியிடம் சொன்னாராம். வந்து பார்க்கவில்லை.

நான்கு நாள் கழித்துப் புயல் மழை. காலை பத்து மணிக்குத் தண்ணீர் எங்கள் பங்கில் முட்டி நின்றது. ஓக் கிளைகள், நான் எப்போதோ தூக்கிப் போட்ட பழைய வேலிப் பலகைகள், இலைக்குப்பை. தேங்கிய தண்ணீர் அங்கிள் வீட்டுக்குள் போனது. அங்கே திரேசா ஆன்ட்டி இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் செய்து கீழ் அறையில் படுத்திருந்தார். நாங்கள் நான்கு பேர் அவரைச் சாப்பாட்டு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினோம். தண்ணீர் எங்கள் தொடைவரை வந்தது. படியில் என் கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்தது, ஆன்ட்டியின் கட்டுப்போட்ட கால் அழுக்குத் தண்ணீரில் முங்கியது. மேலே கொண்டுவந்ததும் அவர் நடுங்கிக்கொண்டே, “கலியாணத்துக்குக்கூட என்னை ஒருத்தரும் இப்பிடித் தூக்கேல்லை” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அந்தக் காலில் தொற்று ஏறி, மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தார்.

மழை விட்டதும் அங்கிள் கோலோடு எங்கள் வேலிக்கு வந்தார். “பிள்ளை, நீர் பச்சை எண்டு போட்டிருந்தீரே?”

கோமதி என்னைப் பார்த்தாள். நான் என் போனைப் பார்த்தேன்.

“எங்க பங்கு அங்கிள். சுத்தம் பண்ணல. தப்புதான்” என்றாள்.

அவர் கோலை எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் அவளோடு பேசவே இல்லை.

உள்ளே வந்ததும் அவள் சத்தம் போடவில்லை. “அந்த ஊர்ல பங்குக்கு வீட்டுப் பேருதான். வீட்டுக்குள்ள யாருன்னு வெளிய கேக்க மாட்டாங்க. ஆனா நீயே போய்ச் சொல்லு பிரபு. நான் சொல்ல மாட்டேன்.” நாளைக்கு என்றேன். அடுத்த மாதம் ஸ்கேன் வந்தது. முதல் கீமோ முடிந்து காரில் வரும்போது, “சொல்லிட்டியா?” என்றாள். இந்த நிலையில் எப்படி என்றேன். வசந்தத்தில், மருத்துவமனைக் கட்டிலில், இன்னொரு முறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை. அவளுக்கு மறந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கிள் வீட்டுக்குப் போனேன். கராஜில் தோட்டக் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் குழாயைச் சுற்றுவதை நிறுத்தினார். “நான் ஆஸ்பத்திரிக்கு வந்தனான், தம்பி. கார் பார்க்கில இருந்தனான். மனுசிதான் மேல வந்தவ. பொய் சொன்ன பிள்ளையின்ர முகத்தில முழிக்க மாட்டன் எண்டு நான் ஏறேல்லை.”

“தெரியும் அங்கிள். ஆன்ட்டி சொன்னாங்க.”

“தெரிஞ்சுமோ?”

அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார்.

அவளுடைய உடைகளைக் கொடுத்துவிட்டேன். அந்த ஊரின் வரைபடங்களை அவளோடு படித்த தோழி கேட்டாள், அனுப்பிவிட்டேன். நான் வைத்துக்கொள்வது அந்த நாற்பது அடியை. இரண்டு நாளாகச் சேற்றில் நின்று வாருகிறேன். கிளைகளை அகற்றிவிட்டேன், பலகைகளும் போயின. முடிந்துவிட்டதா என்று நான் சொல்லக் கூடாது. சனிக்கிழமை காலை பின்வேலிக் கதவைத் திறந்து வைத்திருப்பேன். நீங்கள் யார் வேண்டுமானாலும் கோலோடு வரலாம். அங்கிள் வருவாரா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.