தெரியாதவர்களின் பயோடேட்டா

ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அப்போது நான்தான் சிஸ்டம் ஆள். பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், சர்வர் படுத்தாலும் நான்தான். ஒருநாள் ஓர் எச்சரிக்கை வந்தது. நாங்கள் கடிதம் அடிக்கும் மென்பொருளில் ஓர் ஓட்டையாம். அதற்கென்றே செய்த ஃபைலைத் திறந்தாலே போதும், எவனோ ஒருவனின் புரோகிராம் நம் கம்ப்யூட்டரில் ஓட ஆரம்பித்துவிடும். ஓட்டையை அடைக்க இன்னும் வழி வரவில்லை. அதுவரை தெரியாதவர்கள் அனுப்பும் ஃபைலைத் திறக்காதீர்கள் என்றிருந்தது. அதை அப்படியே எல்லோருக்கும் மெயிலில் தட்டிவிட்டு, பெரிய கடமையை முடித்தவன் போல டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் ஹெச்.ஆர். பெண் என் மேஜையருகே நிற்கிறாள். சாத்தூர்ப் பக்கத்துக்காரி, சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டல் வாசம். ஒப்பந்த வேலைதான், அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

“என்னண்ணே இப்பிடி அனுப்பியிருக்கீக? தெரிஞ்சவுக யாரு எனக்கு ஃபைல் அனுப்புறா? வர்றது பூராம் தெரியாதவுக பயோடேட்டாதான். அதைத் திறக்கத்தான எனக்கு வேலையே?”

பயோடேட்டாவைக் கொஞ்ச நாளைக்குப் பேப்பரில் வாங்கலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். “புது லைனுக்கு ஆள் எடுக்கணும், இன்னா விளையாடுறியா?” என்றார். அவளிடம் போய், “பார்த்துத் திறம்மா” என்றேன். திறந்த பிறகுதான் பார்க்கவே முடியும் என்பது எனக்குத் தெரியாதா என்ன?

அந்த வாரமே அப்படியொன்று வந்தது. அவள் ஃபைலைத் திறந்ததும் மென்பொருள் தானாக ஒருமுறை மூடி மீண்டும் திறந்துகொண்டது. உள்ளே டிப்ளமோ முடித்த யாரோ ஒருவனின் ஒழுங்கான பயோடேட்டா. அவள் அதைப் பிரின்ட் எடுத்து மற்றவற்றோடு கோத்தும் வைத்தாள். மறுநாள் காலை கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. டெலிவரி சலான் அடிக்க வழியில்லாமல் லோடு ஏற்றிய லாரிகள் கேட்டிலேயே நின்றன. வைரஸ் அவள் கம்ப்யூட்டரிலிருந்துதான் கிளம்பியது என்று கண்டுபிடித்ததும் நான்தான்.

விசாரணையில் மேனேஜர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

“நோட்டீஸ் அனுப்புனியா, இல்லியா?”

“அனுப்புனேன் சார். ஆனா அந்தப் பொண்ணு…”

“அனுப்புன இல்ல? போதும்.”

என் வேலை தப்பித்தது, அவளுடையது போயிற்று. நான் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன. ஐடி கார்டைக் கொடுத்துவிட்டு அவள் போனபோது பாத்ரூமுக்குள் போய் நின்றுகொண்டேன்.

அந்தக் குற்ற உணர்ச்சியில், இனி யாருக்கும் இப்படி ஆகக்கூடாது என்று அக்கம்பக்கத்துக் கம்பெனிகளின் சிஸ்டம் ஆட்களுக்கெல்லாம் போன் போட்டேன். முன்பின் தெரியாதவர்களின் பயோடேட்டா மெயிலில் வந்தால் திறக்காமலே அழித்துவிடச் சொன்னேன். லாரிகள் நின்ற கதை அவர்கள் காதுக்கும் போயிருந்தது. உடனே சரியென்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து அவளே போன் செய்தாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்தாள். குரலில் கோபமே இல்லை.

“கேட்டுல பயோடேட்டாவப் பேப்பர்ல வாங்க மாட்டேங்குறாகண்ணே, மெயில்ல அனுப்புங்குறாக. இங்கன இருக்க அத்தனை கம்பெனிக்கும் அனுப்பிட்டேன். ஒருத்தரும் பதில் போடல. திறந்தாச்சும் பாத்திருப்பாகளா?”

“பாத்திருப்பாங்கம்மா” என்றேன்.