ஆன்ட்டி சீட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்கும் நேரத்தில் திருச்செங்கோட்டிலிருந்து மச்சான் போன். என் மனைவியின் அண்ணன். ஊர் ஊராகப் போய் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். குரலில் பதற்றம்.

"மாப்ள, கம்ப்யூட்டர்ல என்னமோ ஆன்ட்டி சீட்டுன்னு வருதுங்க. நானு எந்த ஆன்ட்டிகிட்டயும் சீட்டுப் போடலீங்க! உங்க தங்கச்சி வேற பக்கத்துல நின்னு மொறைக்கறா..."

சிரிப்பை அடக்கிக்கொண்டு நாமக்கல்லிலிருந்து பைக்கை எடுத்தேன். சிரிக்கும் யோக்கியதையும் எனக்கில்லை - அந்த வாரம்தான் அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு, லினக்ஸ் என்னும் சுதந்திர மென்பொருளைப் போட்டுக்கொடுத்த புண்ணியவானே நான்தான். 'வைரஸ் வராது, பழைய மெஷின் பறக்கும்' என்று லெக்சர் வேறு!

போய்ப் பார்த்தால், அவர் ஆடும் வீடியோ கேமில் 'ஆன்டி-சீட்' (anti-cheat) ஓடவில்லை, ஆட முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி. ஆட்டத்தில் தில்லுமுல்லு செய்கிறவர்களைப் பிடிக்கும் காவல்காரன் அது. விண்டோஸில் பீரோ வரைக்கும் போய்ச் சோதனை போடுவான். லினக்ஸிலோ வீட்டுக்காரரே எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதனால் அவனுக்கு அங்கே நம்பிக்கை வராது.

"அப்ப என்னைய ஃப்ராடுங்கறானுங்களா?" மச்சானுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"இல்லீங்க மச்சான். லினக்ஸ்ல ஆடறவங்க கொஞ்சம் பேரு. அதுலயும் ஆளுக்கொரு ரகம் வெச்சிருக்காங்க. எல்லாத்துக்கும் தனித்தனியா செஞ்சு, டெஸ்ட் பண்ணி, ரிப்பேர் பாக்கறது கட்டுபடியாகாதுன்னு கம்பெனிக்காரங்க விட்டுடறாங்க."

"ஊருக்கு ஒரு வண்டி ஓடற மாடலுக்கு எவனும் ஸ்பேர் வெக்கமாட்டான்... அப்படித்தானுங்க?"

அப்படித்தான். ஆனால் எல்லா கேமும் அப்படியில்லை. விண்டோஸ் கேம்கள் பலவற்றை லினக்ஸிலேயே ஓட்ட வழி வந்துவிட்டது. இவர் ஆடுவதில் அந்தக் காவல்காரன் குறுக்கே நிற்கிறான். "வேற கேம் ஆடுங்களேன்?" என்றேன். முகம் சுண்டிப்போனது.

"என்ற புள்ள ஆடறது இதுதானுங்க."

மகளுக்கு பெங்களூரில் ஐ.டி. வேலை. ஞாயிறு சாயங்காலமானால் அப்பாவும் மகளும் ஒரே அணியில் துப்பாக்கி தூக்குவார்களாம். போனில் பேசலாமே? பேசுவார்கள். "சாப்டியா சாமி?" "சாப்டேனுங்ப்பா." அதோடு இரண்டு பக்கமும் பேச்சு மூச்சு இருக்காது. நம் வீடுகளில் எத்தனை அப்பாக்களுக்கு இதற்கு மேல் பேசத் தெரியும், சொல்லுங்கள்?

"கொஞ்ச நாளா அவ கொரலே சரியில்லீங்க. ஆடறப்பத்தான் வாயத் தொறப்பா. இன்னிக்குக் கேக்கலாம்னு இருந்தேன்..."

என் சுதந்திர மென்பொருள் கொள்கை அந்த நிமிடமே மூட்டை கட்டிக்கொண்டது. விண்டோஸைத் திரும்ப ஏற்றினேன். கேம் டவுன்லோடு ஆகி முடிப்பதற்குள் விளக்கு வைக்கும் நேரமே வந்துவிட்டது. மகள் ஆன்லைனில் காத்திருந்தாள்.

மச்சானுக்கு ஹெட்போனைத் தேடவும் பொறுமையில்லை, ஸ்பீக்கரிலேயே ஆரம்பித்துவிட்டார். குண்டு மழைக்கு நடுவில் கேட்டார்: "ஏஞ்சாமி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

திரையில் மகளின் துப்பாக்கி சுடுவதை நிறுத்தியது.

"அப்பா... எனக்கு இந்த வேலை புடிக்கலீங்ப்பா. தெனமும் அழுகையா வருது."

மச்சான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தச் செவுத்துக்குப் பின்னால வந்து ஒக்காந்துக்க சாமி. முன்னால நானு பாத்துக்கறேன். நீ சொல்லு."