பண்ணையார் வியாதி

கீரப்பாளையத்துக்குத் தெற்கே இருந்த சேரியில் மாரியம்மாளின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. அந்த வாய் மட்டும் இல்லையென்றால் அவள் புருசன் கொளஞ்சியப்பனைச் சிதம்பரத்தில் எந்த டாக்டரும் பார்த்திருக்கமாட்டார்.

அறுபத்து நாலாம் வருசம், ஆவணி மாசம். நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே குந்திவிட்டான். இடது கை மரத்துப்போய்விட்டது. வேர்த்துக் கொட்டியது. வைக்கோல் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

கம்பவுண்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வாய்வு. சோடா மருந்து தரேன், குடிச்சிட்டுப் போ. மாரடைப்பெல்லாம் நெய்ச்சோறு தின்னுட்டு சும்மா குந்தியிருக்கிறவங்களுக்கு வர்றது. ஒழைக்கிற ஒடம்புக்கு வராது."

அதற்கு முந்தின தையில் பண்ணையார் ராஜமாணிக்கத்துக்கு இதே மாதிரி வந்தபோது, மாரியம்மாள் அவர் வீட்டுக் கொல்லையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். காரில் வந்த டாக்டர் கேட்டதெல்லாம் ஜன்னல் வழியே அவள் காதில் விழுந்திருந்தது.

"எங்க பண்ணையாருக்கும் எடது கைதான் மரத்துது. அவருக்கும் இப்பிடித்தான் வேத்துது. அவருக்கு இருக்கறது நெஞ்சு, எங்காளுக்கு இருக்கறது என்னா, மொறமா?" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். உடம்பில் கம்பி மாட்டிப் படம் எடுக்கிற மெஷினில் பார்த்துவிட்டு, மாரடைப்பேதான் என்றார். பத்து நாள் அங்கேயே வைத்திருந்தார்.

"இன்னும் நாப்பது நாளு எந்த வேலையும் செய்யக்கூடாது. கொடத்தகூட தூக்கக்கூடாது."

"படுத்துக் கெடந்தா பொழச்சிக்குவாரா சாமி?"

"பொழச்சிக்குவாரும்மா. எழுந்து வேலைக்குப் போனா நான் பொறுப்பில்ல."

ராஜமாணிக்கம் மூன்று மாதம் கட்டிலில் கிடந்தார். விசிற ஒரு ஆள், கால் அமுக்க ஒரு ஆள். அதற்குப் பெயர் ஓய்வு. சேரியில் ஒரு ஆம்பளை பகலில் பாயில் கிடந்தால் அதற்கு வேறு பெயர்.

முதலில் ஆரம்பித்தது மாரியம்மாளின் தம்பி சடையப்பன். "பண்ணையாரு எழுந்தாச்சா? காப்பி கலக்கட்டா மாமா?"

"ஒன் வாயில புழு வைக்க! அது எழுந்தா செத்துப்பூடும்டா."

"சும்மா வெளயாட்டுக்குத்தான் அக்கா."

ஒரே வாரத்தில் தெருவே கொளஞ்சியப்பனைப் பண்ணையார் என்றது. மாரியம்மாள் அவன் வேலையையும் சேர்த்துச் செய்தாள். இடுப்பு கழன்றுபோய் வீடு திரும்பினால், அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான்.

"கேலி பண்றாங்க."

"பண்ணா பண்ணிட்டுப் போறாங்க. ஒடம்புல ஓட்டையா வுழுது? படு."

இருபத்து மூன்றாம் நாள் பண்ணைக் காரியக்காரர் சிங்காரம் சேரி முனையில், மாரியம்மாள் குடிசைக்கு நேரே வந்து நின்றார். "ஏ மாரி, வாய்க்கா கர ஒடையுது. மண்ணு போட ஆளில்ல. எங்க ஒங்க பண்ணையாரு? இந்த ஊருக்கு ஒரு பண்ணையாரு போதாதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாரியம்மாள் விடுவாளா?

"ரெண்டு பண்ணையாருக்கும் ஒரே வியாதிதான் ஆண்டே. மொதல்ல பெரிய பண்ணையார வந்து மண்ணு போடச் சொல்லுங்க. அப்பறம் எங்க பண்ணையாரு வருவாரு."

இப்போது சிரிப்பு இரண்டு மடங்கு. சிங்காரம் வெற்றிலைச் சாறைத் துப்பிவிட்டுப் போனார். ஜெயித்துவிட்டதாக அவளுக்கு நினைப்பு. ஊர் வைத்த பெயரைத் தானும் சொல்லிவிட்டோம், உள்ளே பாயில் கிடந்தவன் காதில் அது விழுந்திருக்கும் என்று தோன்றவே இல்லை. அன்று அவன் சோறு வேண்டாமென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதை, வெயில் புழுக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் நடவுக்குப் போய்விட்டு உச்சிப்பொழுதில் திரும்பியபோது பாய் சுருட்டி வைத்திருந்தது.

வாய்க்காலுக்கு ஓடினாள். உடைப்பில் பாதிக்கு மேல் மண் விழுந்திருந்தது. மீதிக்குப் பக்கத்தில் கரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது.

கூட்டம் கூடுவதற்குள், அவன் மடியில் கிடந்த மண்வெட்டியைப் பிடுங்கி வாய்க்காலில் வீசினாள். அது பண்ணை மண்வெட்டி. சிங்காரம் வந்து பார்த்துவிட்டு, சடையப்பனைத் தண்ணீரில் இறங்கித் தேடச் சொன்னார். அவன் அழுதுகொண்டே இறங்கினான்.