என் அம்மா கேட்கக்கூடாததைக் கேட்ட நாள்

அம்மாவின் உடலைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில், செபம் சொன்ன பாதர் அவரை "அமைதியான ஆத்துமா" என்றார். ஆளை மாற்றி வைத்துவிட்டார்களோ என்று பெட்டியை எட்டிப் பார்த்தேன். அம்மாதான். வாய் மூடியிருந்தது. அதுதான் தாங்கவில்லை.

பேர்ணடெற் கிறிஸ்துநாயகம். மன்னாரில் பிறந்தார், கனடாவில் விட்பியில் இறந்தார். இடையில் பதினெட்டு வருடம் ரொறன்ரோ ஆஸ்பத்திரி ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், சொந்தமாக எதுவும் கேட்கக்கூடாது என்பது விதி. "வாயை வாடகைக்கு விட்டிருக்கிறன்" என்பார்.

ஒருமுறை விதியை முறித்து அகப்பட்டார். மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

2009 மே. ஊரில் சண்டை முடிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லி ஊர்வலம் வந்த எங்கள் சனம் ஆஸ்பத்திரிக்கு வெளியே தெருவை மறித்து நின்றது. உள்ளே, அம்மா மொழிபெயர்க்கப் போன ஜெயமலரின் ஆறு நாள் மகன். சிறிய தலை, வீங்கிய ஈரல், மூளையில் கல்சியப் புள்ளிகள். கர்ப்பத்தில் தொற்றிய வைரஸ் என்று வைத்தியர் மருந்து ஏற்றினார். பரிசோதனையில் வைரஸ் அகப்படவில்லை. மாமியார் அன்னத்துக்குப் பரிசோதனையே தேவைப்படவில்லை.

"வயித்தோடை ஊர்வலத்துக்குப் போய்க் கண்ட சனத்தின்ரை கிருமியையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்."

ஜெயமலரும் அதையே நம்பினாள்.

"முதல் பிள்ளையா?" என்று வைத்தியர் கேட்டார். ஓம் என்றாள். பிறகு அவளே கேட்டாள்: "நாலாம் மாசம் வலிப்பு வருமோ?"

அம்மா அப்படியே மொழிபெயர்த்தார். பிறகு அவளைக் கன்ரீனுக்குக் கூட்டிப்போனார்.

"மற்றப் பிள்ளை எங்கை?"

"என்ன அன்ரி?"

"என்னைப் பேய்க்காட்டாதை. நாலாம் மாசக் கதை உனக்கு ஆர் சொன்னது?"

மூத்தவன் கிளிநொச்சியில் பிறந்தவன். இதே தலை, இதே ஈரல். நாலாம் மாதம் வலிப்பு, ஐந்தாம் மாதம் போய்விட்டான். கனடாவுக்கு வந்த பத்திரங்களில் அவனை எழுதவில்லை. இப்போது சொன்னால் திருப்பி அனுப்புவார்கள் என்று பயம். அந்த மே மாதத்தில் அது சின்னப் பயமல்ல.

அம்மா எனக்குப் போன் எடுத்தார். நான் வேறோர் ஆய்வுகூடத்தில் மரபணு பார்ப்பவள்.

"பேர் சொல்லமாட்டன். ஒரே கிருமி ரெண்டு பிள்ளையையும் ஒரே மாதிரிப் பிடிக்குமோ? தாயும் தேப்பனும் மச்சான் மச்சாள்."

"பெரும்பாலும் இல்லை. தொற்று மாதிரியே தெரியிற பரம்பரை வருத்தம் இருக்கு. டொக்டருக்கு முதல் பிள்ளையைப் பற்றித் தெரியவேணும்."

"நான் சொல்ல ஏலாது. அவள் சொல்லுவாள்."

ஜெயமலரிடம் போய், "டொக்டருக்கு இமிகிரேசனிலை ஆரையும் தெரியாது பிள்ளை. அந்தாளுக்குத் தன்ரை பேனை எங்கையெண்டே தெரியாது" என்றாராம்.

அவள் சொன்னாள். வைரஸ் மருந்து நின்றது. அது ஏற்கெனவே குழந்தையின் வெள்ளணுக்களைக் குறைக்கத் தொடங்கியிருந்தது. இரத்தம் மரபணுச் சோதனைக்குப் போனது.

ஏழு வாரத்தில் முடிவு வந்தது. ஒரு மரபணுவின் பழுதான பிரதி, தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. வைரஸ் இல்லை. குணமாக்க மருந்தும் இல்லை.

"அப்ப இவளாலை இல்லையோ?" என்றார் அன்னம்.

அம்மா அதை மொழிபெயர்க்க வைத்தியரின் பக்கம் திரும்பவேயில்லை. "பாதி உங்கடை மகன்ரை, அக்கா. மற்றப் பாதி இவளின்ரை தேப்பன்ரை, அதாவது உங்கடை தம்பியின்ரை. ரெண்டு பேரும் ஊர்வலத்துக்குப் போகேல்லை."

அம்மா சொந்தமாகக் கதைத்தாரென்று பிறகு முறைப்பாடு கொடுத்தது அன்னம்தான்.

அன்று வைத்தியர், வருத்தம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று காட்டும் பரம்பரைப் படம் வரைந்தார். முதல் பிள்ளைக்கு ஒரு கட்டம், இறந்துவிட்டான் என்று குறுக்கே ஒரு கோடு. ஜெயமலர் தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இவருக்குப் பேர் இருக்கு."

அம்மா மொழிபெயர்த்தார். வைத்தியர் எழுத்துக்கூட்டிச் சொல்லக் கேட்டார். ஆரூரன் என்ற பெயரை, ஒவ்வோர் ஆங்கில எழுத்தாக, ஜெயமலரே சொன்னாள். அம்மா பேசாமல் இருந்தார்.