இருநூற்றுப் பதினெட்டாவது தாய்

தாய்மாரை எண்ணுவது ஒரு வேலையா என்று கேட்பவர்கள், ஒரே ஒரு வருடம் எண்ணிப் பார்த்துவிட்டு வந்து என்னோடு பேசட்டும். கோவிலில் உட்காரும் கதிரைகளை எண்ணியவர்கள், திருநாளுக்குச் சாப்பாட்டுப் பார்சல் எண்ணியவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில், மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாய்மாருக்கு ஆசீர்வாதம் நடக்கும். பூசை முடிந்ததும் ஒவ்வொருவராக அழைப்பார்கள். அவர்களுடைய பெயரைச் சொல்லி அல்ல, மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி: ஸ்டீபனின் தாய், டிலானியின் தாய் என்று. யோவான் எழுதிய நற்செய்தியில் மாதாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை, இயேசுவின் தாய் என்றுதான் இருக்கிறது என்று முன்பிருந்த ஒரு பங்குச் சுவாமி தொடக்கிவைத்த வழக்கம் இது. வருகிற தாயின் தலையில் சுவாமி கை வைத்துச் செபித்து ஒரு ரோசாப்பூ கொடுப்பார். பட்டியலும் பூவும் பதினொரு வருடமாக என் பொறுப்பு.

அதற்கு முன் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தாறு வருடம் தராசில் கொழுந்து நிறுத்தேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் எனக்கென்று ஒரு விதி உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் தாய் என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர் தாய். வேறு கோவிலில் ஞானஸ்நானம் என்றால் அங்கிருந்து கடிதம் வேண்டும். இந்த விதி இந்த வருடம் ஒருத்தியை வெளியே நிறுத்தப் பார்த்தது.

நாலு தரம்

முதலில் ஒரு பழைய கதை. நான் பொறுப்பேற்ற மூன்றாம் வருடம் என்று நினைக்கிறேன். ஆசீர்வாதம் முடிந்து வாசலில் ஒருத்தி என்னை மறித்து இன்னும் மூன்று பூ கேட்டாள். நாலு பிள்ளைக்காரி. நான்கையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கடைசிப் பிள்ளை என் காற்சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பெண்களோடு பேசும்போது எனக்குத் தரையைப் பார்க்கும் பழக்கம் உண்டு. தரையைப் பார்த்தபடியே, ஒரு தாய்க்கு ஒரு பூ என்றேன். அப்படி யார் சொன்னது என்று கேட்டாள். பட்டியல் சொல்கிறது என்றேன். பட்டியலை யார் எழுதியது என்றாள். நான் தூணுக்குப் பின்னால் போகப் பார்த்தேன். பிள்ளை விடவில்லை.

கடைசியில் மாதாவின் பீடத்திலிருந்து மூன்று பூவை எடுத்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு போகும்போது எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்: "நாலு தரம் பெத்தேன் அண்ணே, இனியும் ஒரு தரத்துக்குத்தான் பூ குடுப்பீங்கன்னா மத்த மூணு புள்ளையையும் நீங்க வச்சிக்கங்க."

சும்மா கேட்டது

ஆரோக்கியம் எங்கள் கோவிலில் பீடத்துணி துவைப்பவள். ஆசீர்வாத நாளில் முள் நீக்கிப் பூக்களைக் கூடையில் அடுக்கி, சுவாமிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். நான் பட்டியலோடு நின்ற அத்தனை வருடமும் அவள் கூடையோடு நின்றாள். ஒரு பூவும் அவளுக்குக் கிடைத்ததில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன்.

இந்த வருடம் பட்டியல் இருநூற்றுப் பதினொன்றில் முடிந்தது. கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, துவைத்த துணிகளோடு வந்து நின்றாள். தன் பெயரையும் போட முடியுமா என்று கேட்டாள். பதிவேட்டில் தேடினேன். இல்லை. முப்பத்தொரு வருடத்துக்கு முன் தோட்டத்து லய வீட்டில், கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் ஒரு பெண் பிள்ளை பிறந்ததாம். அழவேயில்லையாம். அடுத்த வருடம் புருஷனும் போய்விட்டாராம். அழாத பிள்ளைக்கு ஏது ஞானஸ்நானம்? நான் தரையைப் பார்த்துக்கொண்டு, பதிவேட்டில் இல்லையே என்றேன். அவள் துணிகளை அலுமாரியில் மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "பரவாயில்லீங்க ஐயா, சும்மாதான் கேட்டேன்."

முப்பத்தொரு வருடம் கழித்து யாரும் சும்மா கேட்பதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கோட்டைப் போட்டு முடித்தேன்.

டீச்சரின் மருமகள்

பட்டியலை வாசிப்பவர் எங்கள் தாய்மார் சங்கத் தலைவி, யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து வந்து கண்டியிலேயே ஓய்வு பெற்ற டீச்சர். வாசித்துப் பார்க்கவென்று பட்டியலை வாங்கியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். மருமகளுக்கு ஏழாம் மாதம். அவளுடைய பெயரைக் காணவில்லையே என்றார். பிள்ளை பிறந்து, ஞானஸ்நானம் முடிந்து, அடுத்த மே மாதம் பார்க்கலாம் என்றேன். இவ்வளவு தெளிவாக ஒரு டீச்சருக்கு விடை சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

டீச்சர் கோபப்படவில்லை. மாதா கர்ப்பமாக மலைநாட்டுக்குப் போன கதை தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். வாசலிலேயே உறவுக்காரியான எலிசபெத்து அவரை ஆண்டவரின் தாய் என்று வாழ்த்தினாரா இல்லையா என்றார். வாழ்த்தினார் என்றேன். அப்போது பிள்ளை பிறந்திருந்ததா என்றார். நான் பென்சிலைக் கீழே போட்டுவிட்டுத் தேடினேன். டீச்சர் எனக்காகக் காத்திருந்து, பிறகு சொன்னார்: "அப்ப எலிசபெத்தம்மாவும் உங்களிட்டைக் கேட்டுப்போட்டு, அடுத்த மே மாசம் வரைக்கும் பொறுத்திருக்க வேணும் போலை கிடக்கு."

போட்ட கோட்டை அழித்தேன். விசாரித்ததில் அப்படி ஆறு பேர் இருந்தார்கள்; பிறக்கப்போகும் பிள்ளைக்கு நினைத்து வைத்திருந்த பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். இருநூற்றுப் பதினேழு.

கடையில்

மறுநாள் காலை பூவுக்குச் சொல்லக் கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். பூக்கடைக்கார முஸ்லிம் அண்ணனை நாங்கள் நானா என்போம், திகன ஊர்க்காரர். ஒவ்வொரு வருடமும் பத்துப் பூ கூடப் போடுவார். ஒவ்வொரு வருடமும் பத்தையும் நான் திருப்பிக் கொடுப்பேன். எத்தனை என்று கேட்டார். இருநூற்றுப் பதினேழு என்றேன். அவர் எழுதினார்.

நான் போகவில்லை. பாதி வழியில் பிடித்த யோசனை அங்கேயும் விடவில்லை. ஏழாம் மாதத்தில் ஒருத்தி தாய் என்றால், எட்டாம் மாதம்வரை சுமந்தவள் யார்? டீச்சரின் மருமகளுக்கு ஒரு நிறுவை, ஆரோக்கியத்துக்கு வேறு நிறுவையா? தோட்டத்தில் நான் அப்படி நிறுத்திருந்தால் அன்றைக்கே தராசுத் தட்டை உடைத்திருப்பார்கள். இருநூற்றுப் பதினெட்டு என்று திருத்தினேன். நானா எழுதியதை வெட்டிவிட்டு, பேனையைக் காதில் செருகிக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்: "எனக்கு ஈக்கிற ஒரு உம்மாவயே இன்னம் எனக்கு அளந்து முடியல்ல, நீங்க இருநூத்திப் பதினெட்டு உம்மாமார ஒரு கடுதாசில எழுதிட்டு வந்தீக்கிறீங்க."

பெயர்

சுவாமியிடம் போனேன். விதியை மாற்றுவதானால் மேலிடத்தில் கேட்க வேண்டும் அல்லவா? சுவாமி வயதில் சின்னவர், சிரிப்பை அடக்கத் தெரியாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த விதியைக் கோவில் போடவில்லை, நீங்கள்தான் போட்டீர்கள் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். ஆண்டவர் உலகத்துக்கு வர முதலில் ஒரு தாயின் சம்மதத்தைத்தான் கேட்டார், அந்தத் தாயும் பிள்ளையை மடியில் கிடத்தி அழுதவர்தான், கல்லறை மூடிய பிறகு அவர் தாயில்லை என்று யாராவது சொன்னார்களா என்றார். நான் சொல்லவில்லை என்றேன்.

ஆரோக்கியத்திடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. கிணற்றடியில் அவள் துணி பிழிந்துகொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்தபடி, பட்டியலில் சேர்ப்பதாகச் சொன்னேன். ஆனால் பட்டியலில் பிள்ளையின் பெயருக்கு ஒரு நிரல் இருக்கிறது, அதை வெறுமையாக விட்டால் டீச்சர் எப்படி அழைப்பது என்று நான்தான் இழுத்தேன். பெயர் வைத்திருக்க மாட்டாள், அதை எப்படிக் கேட்பது என்று எனக்குள் பயம். அவள் யோசிக்கவேயில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "செசிலியா. முப்பத்தோரு வருசமா யாரும் கேக்கலீங்க ஐயா."

கூடை

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. டீச்சர் வாசித்தார், தாய்மார் வந்தார்கள், ஆரோக்கியம் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், நான் தூணுக்குப் பின்னால் நின்று பட்டியலில் புள்ளி போட்டேன். கடைசியில் செசிலியாவின் தாய் என்று டீச்சர் வாசித்தார். யாரும் எழும்பவில்லை. டீச்சர் இன்னொரு முறை வாசித்தார். வாங்குகளில் உட்கார்ந்திருந்த எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஆரோக்கியமோ இரண்டு கையாலும் கூடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். போவதா, நிற்பதா, கூடையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் இதை எழுதிப் பழகியவனே ஒழிய, நடத்திப் பழகியவனல்ல. அத்தனை பேர் பார்க்க, தூணை விட்டு வெளியே வந்து படியேறி, அவள் கையிலிருந்து கூடையை வாங்கினேன்.

கூடை கைவிட்டதும் ஆரோக்கியம் நேரே சுவாமியிடம் போய்விடவில்லை. படியிறங்கி, நடுப்பாதை வழியே கோவிலின் கடைசிவரை நடந்துபோய், அங்கிருந்து திரும்பி, மற்றத் தாய்மாரைப் போலவே வந்தாள். கூடையில் கிடந்த கடைசிப் பூவை நான் எடுத்துக் கொடுக்க, சுவாமி அவள் தலையில் கை வைத்துச் செபித்துக் கொடுத்தார். பிறகு வாசலில் டீச்சர் அவளைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு காலமாகச் சொல்லவில்லையே, மகள் எங்கே இருக்கிறா, வெளிநாட்டிலோ என்று கேட்டார். ஆரோக்கியம் பூவைக் கொண்டையில் செருகிக்கொண்டு சொன்னாள்: "ஆமாங்க டீச்சர், தூரத்திலதான் இருக்கா, எனக்கு ஒரு எடம் புடிச்சி வச்சிக்கிட்டு."

இந்த வருடக் கணக்கு தாய்மார் இருநூற்றுப் பதினெட்டு, பூ இருநூற்றுப் பதினெட்டு, மிச்சம் ஒன்றுமில்லை. முந்திய பத்து வருடமும் கணக்குச் சரி என்றுதான் நான் கையெழுத்து வைத்திருக்கிறேன், அதைப் பற்றி நல்லவேளையாகச் சுவாமி இன்னும் எதுவும் கேட்கவில்லை.