நான் அடுக்காத தலையணைகள்

என் மகளின் தாளில் பொய்யாகச் சரி அடையாளம் போட்டேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, நான்கு மாதம்! இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அனிற்றாவுக்கு நாலரை வயது. ஓடினால் விழுவாள். இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வராது. அவள் போகும் கிண்டர் பள்ளியின் ரீச்சர் ஒரு தாள் தந்தார். தலையணைகளை அடுக்கித் தாண்டவிட வேண்டும், கதிரைக்குக் கீழே தவழவிட வேண்டும், தரையில் கயிற்றைப் போட்டு அதன்மேல் நடக்கவிட வேண்டும். தினமும் அரை மணி நேரம். செய்த நாளுக்குக் கட்டத்தில் சரி. எல்லாம் படங்கள்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

விடியுமுன் கோழித் தொழிற்சாலைக்குப் போய், மதியம் வெரிபீயிலுள்ள வீட்டுக்குத் திரும்புவேன். மனைவி ஜெசிந்தா அப்போதுதான் முதியோர் இல்லத்து வேலைக்குக் கிளம்புவாள். பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டுச் சோபாவில் சாய்வேன்... தாண்ட வேண்டிய தலையணை என் தலைக்குக் கீழே கிடக்கும்.

வெள்ளிக்கிழமை எல்லாக் கட்டங்களையும் நிரப்புவேன். ஜெசிந்தா அதைத் தன் அக்காவுக்குப் போனில் காட்டுவாள். “இவர் வாய் திறவாத ஆள். ஆனா பிள்ளையோட எப்பிடி விளையாடுறார், பாருங்கோவன்!”

தினமும் செய்தும் முன்னேற்றம் இல்லையே என்று ரீச்சர் கவலைப்பட்டார். அப்போதாவது பேசினேனா? கூச்சம்... தலையை ஆட்டினேன். தசையில் நோய் இருக்கலாம் என்று டாக்டர் இரத்தம் எடுக்கச் சொன்னார்.

“அப்பா, நோ! பிளீஸ்!”

அவள் கையை அசையாமல் பிடித்திருந்தவன் நான்தான்!

முடிவு வரும்வரை ஜெசிந்தா முழங்காலில் நின்று செபித்தாள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லையென்றால் இனிச் சாகும்வரை மீனோ இறைச்சியோ தொடுவதில்லை என்று மாதாவிடம் நேர்ந்தாள். மன்னார்க் கடற்கரையில் பிறந்தவள்! மீன் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காதவள்!

நோய் ஒன்றும் இல்லை. அந்த வாரங்களில் பயத்தில் நான் தலையணைகளை அடுக்கத் தொடங்கியிருந்தேன். மெல்ல மெல்லப் பிள்ளை குதித்தாள்.

“பாத்தீங்களே, மாதா கைவிடேல்லை” என்றாள் ஜெசிந்தா.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மீனோடு அவளுடைய மாதாவையும் சேர்த்தே பறித்திருப்பேனோ? அல்லது இதுவும் என் கோழைத்தனத்துக்கு ஒரு சாக்கா? தெரியவில்லை...

இன்றும் எங்களுக்காக அவள் மீன் குழம்பு வைக்கிறாள். ருசி பார்க்க முடியாததால் அகப்பையை என்னிடம் நீட்டுகிறாள்.

“இஞ்சேருங்கோ, உப்புக் காணுமோ?”

“காணும்” என்கிறேன். ருசி பார்த்த அகப்பையை அவளிடமே திருப்பிக் கொடுக்கிறேன்.